பரிசுக்கு வந்த புகார்

தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்பது ஒரே ஒரு மேசை. மாடிப்படிக்குக் கீழே, கூரை சரிந்து இறங்கும் மூலையில் போட்டிருக்கிறார்கள். சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்காருகிறவளுக்கு இடிப்பதில்லை. புகாரோடு நேரில் வருகிறவர்களுக்கு இடிக்கும். "பாத்து" என்பாள். தலையைத் தடவிக்கொண்டு உட்காரும்போது அவர்கள் கொண்டுவந்த கோபத்தில் பாதி இறங்கியிருக்கும். மேசையை அங்கே போட்டவன் யோசித்துத்தான் போட்டிருக்கிறான் என்று கம்பெனியில் பேச்சு.

எல்லோருக்கும் அவள் புகார் அக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட.

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கடிதம் வரும். அவள் மூன்றாவது பத்தியிலிருந்து படிப்பாள். முதல் பத்தியில் மரியாதை இருக்கும். இரண்டாவதில் எழுதியவரின் குடும்பப் பெருமை. தொட்டி மூன்றாவதில்தான் ஒழுகும். நான்காவது பத்தி மிரட்டல், அதை அவள் படிப்பதே இல்லை. படித்து முடித்ததும் வலது கை முத்திரையை எடுத்து மைத்தட்டில் ஒற்றித் தாளின் தலையில் ஒன்று போடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் தானாக ஒன்று ஏறும் முத்திரை அது. எண் விழுந்த தாளைக் கிழிக்கவோ ஒளிக்கவோ முடியாது. பதினைந்து நாளில் மெக்கானிக் போய்ப் பார்த்து, வீட்டுக்காரரிடம் 'தீர்ந்தது' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். சனிக்கிழமைகளில் முதலாளியே பதிவேட்டைப் புரட்டுவார். நடுவில் ஓர் எண் விட்டிருந்தால் அன்று யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் கணவர் கார்களுக்கு இருக்கை தைக்கிறவர். வாசலறையிலேயே பட்டறை.

"சமையலறைக் குழாய் சொட்டுது" என்பார்.

"எழுத்துல குடுங்க."

"குடுத்தா?"

"பதினஞ்சு நாள்ல ஆள் வரும்."

"அந்த ஆளே நான்தானே."

"அப்படின்னா முப்பது நாள்."

கட்டுரைப் போட்டி அவளிடம் வந்த கதை வேறு. ஆறு வருடத்துக்கு முன் கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பரிசு நிதி ஏற்படுத்தியது. வருடத்துக்கு ஒரு கட்டுரைப் போட்டி. இரண்டாம் பரிசு புத்தகப் பை, மூன்றாம் பரிசு கைக்கடிகாரம். முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு முடியும்வரை முழுக் கட்டணத்தையும் கம்பெனி கட்டும். முதல் வருடம் விளம்பரப் பிரிவு வெளியாட்களை வைத்துப் படிக்க வைத்தது. பரிசுக்குத் தேறிய மூன்றும் ஒரே வழிகாட்டிப் புத்தகத்தின் முப்பதாம் பக்கமாக இருந்தன. முதலாளி கேட்டார்: "நம்ம கம்பெனியில படிக்கிறதையே வேலையா வெச்சிருக்கிறது யாரு?" எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து கட்டுரைகள் அவள் மேசைக்கு வருகின்றன. ஆயிரத்துக்குக் குறையாது. அவள் பத்தைப் பொறுக்கி நடுவர்களுக்கு அனுப்புவாள். இங்கேயும் மூன்றாவது பத்திதான். முதல் இரண்டும் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது, மூன்றாவதில்தான் பிள்ளை வாயைத் திறக்கும். கடைசிப் பத்தியில் கம்பெனிக்கு வாழ்த்து. ஒரு பையன் கம்பெனித் தொட்டியைப் பூமியோடு ஒப்பிட்டிருந்தான். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது, இரண்டும் உருண்டை என்று.

இந்த வருடத் தலைப்பு 'எங்கள் வீட்டில் தண்ணீர்'. இடது பக்கம் புகார்க் கடிதங்கள், வலது பக்கம் கட்டுரைகள், நடுவில் தேநீர். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டாவது கட்டுரையை எடுத்தாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது. அதில் மரியாதைப் பத்தி இல்லை. முதல் வரியிலேயே மூடி பறந்தது.

'எங்கள் மாடித் தொட்டியின் மூடி அதற்கு உரிய மூடிதான். ஆனால் மூடாது. இதுவரை தொட்டிக்குள் விழுந்தவை: ஒரு பந்து, இரண்டு துணிக் கிளிப், மேல் வீட்டு மாமாவின் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி எங்கே விழுந்தது என்று மாமா குனிந்து பார்த்தார். கண்ணாடி இல்லாததால் அவருக்குக் கண்ணாடி தெரியவில்லை.'

புகார் அக்கா தேநீரைக் கீழே வைத்தாள்.

'காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் அம்மா மேலே ஓடிப்போய் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்வாள். நான் குடை பிடிப்பேன். அம்மாவுக்கு இரண்டு வேலை இருப்பதால் கீழே இருக்கும்போது பேச நேரம் கிடைக்காது. எங்கள் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் எல்லாம் மழைக்குக் காத்திருக்கும்.'

நடுவில் ஓரிடத்தில், இந்த மூடியைச் செய்தவர்கள் என்று கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரை இதைவிட மோசமான இடங்களில் படித்துப் பழகியவள்.

கட்டுரையோடு இணைத்த படிவத்தில் 'படிப்பைத் தொடர உதவி தேவையா?' என்று ஒரு கேள்வி உண்டு. எல்லோரும் 'ஆம்' என்று எழுதுவார்கள். இந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'அம்மாவைக் கேட்டால் தேவையில்லை என்பாள். அடுத்த வருடம் நானும் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போவதாகப் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சும் மழையில்தான் நடந்தது. ஆகவே தேவை.'

புகார் அக்கா இன்னொரு முறை முதலிலிருந்து படித்தாள். சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் வலது கை தன் வேலையைச் செய்துவிட்டது. தாளின் தலையில் ஊதா மையில் 4417.

மூடி ஒழுங்காக மூடாதது, வாடிக்கையாளர் அவதி, முகவரி. கையைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பதிவேட்டில் '4417. மூடி. கட்டுரை' என்று உள்ளபடி எழுதினாள். தேர்ந்தெடுத்த பத்தில் அதைத்தான் மேலே வைத்தாள்.

மறுநாள் விளம்பர மேனேஜர் கட்டுரைக் கட்டை வாங்க வந்தார். முப்பது வயதுக்காரர். கம்பெனியில் அவர் பெயர் விளம்பரம். நின்றபடியே படித்தார், சிரிக்கவும் செய்தார். கம்பெனியின் பெயர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

"என்னக்கா இது? நம்ம காசுல மேடை போட்டு நம்மளையே திட்டுறதுக்கு மாலையுமா?"

"திட்டலையே சார். மூடி சரியில்லன்னு சொல்லுது."

"அது திட்டு இல்லாம?"

"திட்டுன்னா என்னன்னு எங்கிட்டக் கேளுங்க. நேத்து ஒருத்தர் நம்ம தொட்டியில உங்களையே முக்கணும்னு எழுதியிருக்காரு. எடுத்துக் காட்டவா?"

"வேண்டாம். இதை எடுத்துட்டு வேற ஒண்ணை வைங்க."

"நல்லா எழுதின பத்தை அனுப்புறதுதான் என் வேலை. இது நல்லா எழுதினது."

விளம்பரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் ஊதா எண் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இது கட்டுரையே இல்ல. புகாரு. நீங்களே நம்பர் போட்டிருக்கீங்க. புகார்னா புகார்க் கட்டுலதானே இருக்கணும்? மெக்கானிக்கை அனுப்பி மூடியை மாத்திக் குடுங்க, தீர்ந்ததுன்னு கையெழுத்து வாங்குங்க, கட்டுல சேருங்க. ஒரே தாளு ரெண்டு கட்டுல இருக்க முடியுமா?"

முடியாது. அது அவளே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்த விதி. அவள் எழுந்தபோது இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகத் தலை கூரையில் இடித்தது.

அன்று மாலை கணவர் ஓர் இருக்கை உறைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு படிப்பு என் கையால போகப்போகுது" என்றாள்.

"முத்திரையை அழிக்க முடியாதா?"

"சனிக்கிழமை முதலாளி எண்ணிப் பாப்பாரு."

"அந்த அம்மா நாங்க புகாரே குடுக்கலன்னு எழுதிக் குடுத்தா?"

"செல்லும். ஆனா புது மூடி கைக்கு வர்ற நேரத்துல யாரு அப்படி எழுதுவாங்க? பரிசு வரலாம்னு நான் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. சொன்னா போட்டியே செல்லாது."

கணவர் நூலைப் பல்லால் கடித்தார். "நேர்ல போய்ப் பாரு. கை பண்ணினதுக்குக் கால் கொஞ்சம் நடக்கட்டும்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் புகார் வந்த ஒரு வீட்டுக்கும் போனதில்லை. மெக்கானிக்கின் வண்டியில், மடியில் புது மூடியோடு உட்கார்ந்து போனாள். மெக்கானிக்குக் குஷி.

"உங்க முகத்தைக் காட்டினாலே போதும்கா. பாதிப் பேரு புகாரை வாபஸ் வாங்கிடுவாங்க."

"ஏன், என் முகத்துக்கு என்ன?"

"மரியாதைப்பட்ட முகம்னு சொன்னேன்."

மூன்று மாடிக் கட்டடம். படிக்கட்டில் யாரோ சைக்கிளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அம்மா அப்போதுதான் காலை வேலை முடித்து வந்திருந்தாள். கைகள் சலவைத் தூளில் வெளுத்திருந்தன. பெண் பள்ளிச் சீருடையில் கதவைத் திறந்தாள். உயரமாக, ஒல்லியாக, நேராகப் பார்க்கிற பெண்.

"தொட்டிக் கம்பெனியா? நாங்க ஒண்ணும் புகார் குடுக்கலையே" என்றாள் அம்மா.

புகார் அக்காவுக்கு அந்த வார்த்தையைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு அப்படியே இறங்கிவிடலாம் போல இருந்தது. அதற்குள் மெக்கானிக், "மூடி மாத்த வந்திருக்கோம். இலவசம்" என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. "மூடியா? அப்ப புகார் குடுத்ததாவே வெச்சுக்குங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

மெக்கானிக் அட்டையையும் பேனாவையும் நீட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"இருங்க" என்றாள் புகார் அக்கா. "மொதல்ல வேலை முடியட்டும். வேலை பாக்காம கையெழுத்துப் போடக் கூடாது."

"நீங்கதானே கம்பெனி?"

"அதனாலதான் சொல்றேன்."

எல்லோரும் மாடி ஏறினார்கள். தொட்டி இடுப்பு உயரம். மூடியின் மேல் ஒரு பழைய டயர் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் டயரை இறக்கிவிட்டுச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். விரலால் தூசியைத் தேய்த்தார். பிறகு மண்டியிட்டார்.

"அக்கா, இங்க வாங்க. இது நம்ம தொட்டி இல்ல."

"என்னது?"

"அச்சு வேற. ஊர் முழுக்க நம்மகூடப் போட்டி போடுறாங்களே, அவங்களோடது. மூடியும் அவங்களோடதுதான்."

புகார் அக்கா பெண்ணைப் பார்த்தாள். பெண் தொட்டியைப் பார்த்தாள்.

"ஏம்மா, கட்டுரையில எங்க பேரைப் போட்டியே?"

"போட்டி வைக்கிறவங்க பேரு கட்டாயம் வரணும்னு மிஸ் சொன்னாங்க. நல்ல விதமாச் சொல்ல எனக்கு ஒண்ணும் தோணல. அதான் மூடியில சேத்துட்டேன்."

"நல்லா சேத்தடி" என்றாள் அம்மா. "குடுத்தவங்களையே குத்தம் சொல்லிட்டு வந்து நிக்கிறா பாருங்க. மன்னிச்சிடுங்கம்மா."

புகார் அக்காவுக்கு மன்னிக்க ஒன்றுமில்லை. கட்டிப்பிடிக்கத்தான் தோன்றியது, கம்பெனி விஷயமாக வந்த இடத்தில் அது முடியாது. மாதத்தில் ஒன்றிரண்டு கடிதங்கள் இப்படி வரும். வேறு கம்பெனித் தொட்டி ஒழுகினாலும் ஜனங்கள் இவர்களுக்கே எழுதுவார்கள். அதற்கென்று ஒரு விதி இருக்கிறது. மெக்கானிக் 'எமது பொருள் அன்று' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால் புகார் ரத்து. வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டாம். தாள் எந்தக் கட்டிலிருந்து வந்ததோ அந்தக் கட்டுக்கே திரும்பிப் போகும்.

"எழுதுங்க" என்றாள் மெக்கானிக்கிடம். "நிறுத்தி, தெளிவா எழுதுங்க. மூடி பொருந்தலைங்கிறதையும் எழுதுங்க. கண்ணால பாத்ததை எல்லாம் எழுதுங்க."

எழுதி முடித்துவிட்டு மெக்கானிக் சும்மா இருக்காமல் கொண்டுவந்த புது மூடியை வைத்துத் திருப்பினார். டக்கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

"நம்ம தொட்டிக்கே இவ்வளவு கச்சிதமா உக்காராதுக்கா."

"இதை மட்டும் எழுதிடாதீங்க."

"மூடியை என்ன பண்றது? திருப்பி எடுத்துட்டுப் போனா மூணு படிவம். விட்டுட்டுப் போனா ஒண்ணு."

"அந்த ஒண்ணை நான் பூர்த்தி பண்றேன்."

அம்மா மூடியைத் தட்டிப் பார்த்தாள். "இனிமே மழையில ஏறி வர வேண்டியதில்ல."

"சும்மாவும் ஏறி வரலாம்" என்றாள் பெண்.

தாள் கட்டுரைக் கட்டுக்குத் திரும்பிய செய்தி விளம்பரத்துக்குப் போனது. போட்டிக் கம்பெனியின் தொட்டி என்று கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டார். தலையில் இடித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, பிரமாதம். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு நம்ம பேரை அடிச்சுட்டு அவங்க பேரை எழுதச் சொல்லுங்க. முதல் பரிசை நானே தூக்கிட்டு வர்றேன்."

"போட்டி முடிஞ்ச தாள்ல ஓர் எழுத்தை மாத்தினாலும் செல்லாது சார். நீங்க அச்சடிச்ச விதிதான். ஏழாவது."

"அப்ப அதுல இருக்கிறது பொய்யாச்சே. பொய்க்குப் பரிசா?"

"அதை நடுவருங்க சொல்லட்டும், தம்பி" என்றாள். அவரை அவள் தம்பி என்று அழைத்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

நடுவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர், மூன்றாவது விளம்பரம். தலைமையாசிரியருக்குக் கண்ணில் அறுவை ஆகியிருந்ததால் பத்துக் கட்டுரைகளையும் புகார் அக்காவே வாசித்தாள். அவளுக்கு ஏற்ற இறக்கம் வராது. கசிவு, வெடிப்பு, தாமதம் என்று வாசித்துப் பழகிய குரல். அந்தக் குரலில் மூக்குக்கண்ணாடி விழுந்தபோது நூலக அம்மாள் முகத்தைக் கைக்குட்டைக்குள் புதைத்துக்கொண்டார். மழை வந்தபோது தலைமையாசிரியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மருத்துவர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

விளம்பரம் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இதுல உண்மை இல்ல. தொட்டி நம்மளதே இல்ல."

"மூடி பறக்குறது?" என்றார் நூலக அம்மாள்.

புகார் அக்கா மெக்கானிக்கின் குறிப்பை எடுத்து அதே குரலில் வாசித்தாள். "மூடி பொருந்தவில்லை. மேலே டயர் வைக்கப்பட்டுள்ளது. ஒருவர் உட்கார்ந்த அடையாளமாக மூடியில் பள்ளம். நேரில் பார்த்தது."

"மத்த ஒம்போது வீட்டுக்கும் யாராவது ஏறிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

"அப்ப ஆள் விட்டுச் சரிபார்த்த கட்டுரை இது ஒண்ணுதான். ஒரு பேரு தப்பு. அரை மதிப்பெண் குறைச்சுக்கறேன்."

அரை மதிப்பெண்ணைக் குறைத்த பிறகும் அது மற்றவற்றைவிட ஏழு மதிப்பெண் மேலே நின்றது. விளம்பரம் கூட்டிப் பார்த்தார். இன்னொரு முறை கூட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். "முதலாளிக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

முதலாளிக்கு ஏற்கெனவே தெரியும். சனிக்கிழமை பதிவேட்டில் 4417-க்கு நேரே 'கட்டுரை' என்று கண்டு அந்தத் தாளை வரவழைத்து அவர் படித்திருந்தார். தொழிற்சாலைக்குப் போய் எல்லா அளவு மூடிகளையும் வரிசையாக வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்ததாக மெக்கானிக் வந்து சொன்னார்.

பரிசளிப்பு ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. முதல் பரிசுக் கட்டுரையை எழுதியவரே வாசிப்பது வழக்கம். பெண் இரட்டைப் பின்னலோடு மேடையேறினாள். பந்து விழுந்தது, கிளிப் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக்கு அரங்கம் அதிர்ந்தது. கம்பெனியின் பெயர் வரும் இடத்தில் அவள் நிறுத்தினாள். விளம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க ஒரு பேரு தப்பா எழுதிட்டேன்" என்றாள் பெண். "தொட்டி இவங்களோடது இல்ல. வேற கம்பெனி."

விளம்பரம் கண்ணைத் திறந்து முதல் ஆளாகக் கைதட்டினார். முதலாளி நாற்காலியில் இருந்தபடியே ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"எந்தக் கம்பெனின்னு சொல்லிடேன்மா. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

பெண் கொஞ்சம் யோசித்தாள்.

"அவங்க போட்டி எதுவும் வைக்கலையே சார்" என்றாள்.

முதலாளி சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. பெண் தாளைப் பார்த்து, நிறுத்திய இடத்திலிருந்து மழையைத் தொடர்ந்தாள்.

அம்மா மூன்றாவது வரிசையில் புகார் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சலவைப் பிரிவில் அரை நாள் விடுப்புச் சொல்லி வந்திருந்தாள். மேடையில் தன்னைப் பற்றி வந்துகொண்டிருந்தது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கையில் இருந்த உறையைப் பிரித்து, மூடி, மறுபடி பிரித்தாள்.

"பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும்னு போட்டிருக்கு" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"நடுவுல நிறுத்திட மாட்டாங்களே?"

"நிறுத்தினா எனக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றாள் புகார் அக்கா. "நேரா விஷயத்துக்கு வந்துடுங்க. மரியாதை எல்லாம் எழுத வேண்டாம்."

அம்மா தலையாட்டினாள். உறையை மடித்துப் பைக்குள் அடியில் வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்து மேடையில் தன் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்கத் தொடங்கினாள்.